எலுமிச்சைக் க்ரீமும் ஒரு மணிக்கட்டும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் அக்கா சுகமாகிக்கொண்டிருக்கிறாள். உன் மச்சான் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நான். அங்கே நீயும் உன் மனைவியும் சுகம் என்பது, நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கத்தைப் புது வீட்டுச் சமையல் மேடையின் நிறத்துக்கு ஒதுக்கியிருப்பதிலிருந்தே தெரிகிறது. அப்படியே இருங்கள்.

நீ இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். அடுத்த மாதம் முதல் ஞாயிறு உன் அலுவலகத்தார் பன்னிரண்டு பேர் வீடு பார்க்க வருகிறார்கள், அதிகம் அலட்டிக்கொள்ளாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இனிப்புகளும் காக்டெய்ல்களும் என்னென்ன என்பது முதல் கேள்வி. கையில் கட்டுடன் உட்கார்ந்திருக்கும் உன் மச்சானிடம் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் அவன் போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அக்காவையும் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவான், கேட்பேனா என்பது இரண்டாவது. இரண்டையும் 'அப்புறம்' என்ற ஒரே சொல்லால் இணைத்திருந்தாய். நானும் அதே வரிசையில் பதில் சொல்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள். வருகிற இருபத்தாறாம் தேதி உன் அக்கா மாஜிஸ்திரேட் முன் நிற்கப் போகிறாள். அவள் அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டுமா, அவன் அவளை நெருங்கலாமா என்பதெல்லாம் அன்றுதான் தீர்மானமாகும். அது ஒரே ஒரு நாள் கோபத்தில் நடந்ததா, பல காலமாக நடந்துவந்ததா என்று கேட்பார்கள். அவளையும் என்னையும் விட்டால் அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் தற்போது சமையல் மேடைக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் எலுமிச்சைக் க்ரீம். இதைவிடச் சுலபமான இனிப்பை நான் அறியேன். பன்னிரண்டு பேருக்கு ஒன்றேகால் லிட்டர் க்ரீம் வேண்டும். கொழுப்பு குறைத்தது என்று அட்டையில் பெருமையடித்துக்கொள்ளும் ரகத்தைத் தொடாதே, அது உறையாது. முந்நூற்றைம்பது கிராம் சர்க்கரை சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் கொதிக்க விடு, சின்னப் பாத்திரம் என்றால் பொங்கி அடுப்பையே மூழ்கடித்துவிடும். கொதி வந்தபின் மூன்று நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இறக்கி நூற்றெண்பது மில்லி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கலக்கு. எத்தனை பழம் என்று உன் மனைவி கேட்பாள், பழத்தை எண்ண வேண்டாம், சாற்றை அளக்கச் சொல். கால் மணி நேரம் ஆறவிட்டு வடிகட்டிச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் கரண்டி நிற்கும். ஒரே நிபந்தனை, அந்த ஐந்து மணி நேரமும் பெட்டி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் அக்கா வீட்டில் அது குளிர்ச்சியாக இல்லை. காலை ஒன்பது மணிக்கே அவள் பதினான்கு கிண்ணம் ஊற்றி வைத்துவிட்டாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்தரை மணிக்கு உன் மச்சான் கடையிலிருந்து வந்து, வெயிலில் காய்ந்த இரண்டு டஜன் பாட்டில்களை அதே பெட்டிக்குள் திணித்தான். அதன்பின் வந்தவர் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து பாட்டில்களைக் காட்டினான். ஒரு மணிக்கு அவள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தபோது க்ரீம் மோர் மாதிரி ஓடியது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு இனிப்புக்கா இத்தனை கலவரம் என்று நினைத்தேன். "ஐஸ்க்ரீம் வாங்கிட்டு வரச் சொல்லேன், யாரு கேக்கப் போறா" என்று சொல்லவும் சொன்னேன். அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்தாள்.

அந்த வீட்டு விருந்துகளின் புகழ் உனக்குத் தெரியும். ஹாலில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும், சமையலறைக் கதவு மூடியிருக்கும், உள்ளே ஐஸ் நொறுக்கும் மிக்சி கடகடவென்று ஓடும், பிறகு உன் மச்சான் தட்டு நிறையக் கோப்பைகளுடன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். மிக்சி ஓடத் தொடங்கியதும் விருந்தினர் கைதட்டுவது அங்கே வழக்கமாகியிருந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண் டாக்டர், "வந்துடுச்சு பாருங்கம்மா அடுத்த ரவுண்டு, மிக்சி சத்தம் கேட்டாலே எனக்குத் தாகம் எடுக்குது" என்றார். முப்பத்தொரு வருடம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு எண்ணுவது மூச்சு விடுவது போல. மிக்சி நான்கு முறை ஓடியது. தட்டு மூன்று முறை வந்தது. நான்காவது ஓட்டம் மற்றவற்றைவிட நீளமாகவும் இருந்தது; ஐஸ் உள்ளே இருந்தால் முதலில் கரடுமுரடாகக் கத்திப் பிறகு சத்தம் இறங்கும், இது தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக, வெறும் ஜாரில் ஓடும் சத்தமாக இருந்தது. என் மகள் ஆபத்தில் இருக்கிறாள் என்று உணர்ந்து நான் எழுந்ததாக நீ யாரிடமும் சொல்லாதே, அது பொய். ஐஸ் தீர்ந்துபோயிருக்கும், அவள் தண்ணீரைச் சேர்த்துப் பானத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறாள், திட்டலாம் என்றுதான் எழுந்தேன்.

கதவைத் திறந்தபோது அவன் முதுகு தெரிந்தது. இடது கையால் அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்து அவள் கன்னத்தை மேடையோடு அழுத்தியிருந்தான். மிக்சி அவள் காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் ஈரத் துணி நான்கு சுற்றுச் சுற்றியிருந்தது. பல் டாக்டர் அல்லவா, விரல்களுக்குச் சேதம் வரக்கூடாது. அந்தத் துணி சுற்றிய முஷ்டியால் அவள் விலாவில், அவசரமே இல்லாமல், குத்திக்கொண்டிருந்தான். அவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. வாயில் கைக்குட்டையை அவளே கடித்துக்கொண்டிருந்தாள். அவளே, மகனே. கதவை மூடுவது, மிக்சியைப் போடுவது, துணி சுற்றுவது எல்லாம் அவன் பங்கு. கைக்குட்டை அவள் பங்கு. இருவரும் பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். உறையாத கிண்ணம் ஒன்று தரையில் உடைந்து கிடந்தது. ஐஸ் கட்டி உடைக்கும் மரச்சுத்தி தொட்டியருகே இருந்தது. எடுத்தேன். அடுத்த குத்துக்காக அவன் கை பின்னால் வந்து நின்ற இடத்தில் மணிக்கட்டின் மேல் அடித்தேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், "அத்தை" என்றான், ஏதோ நான் காபி கொண்டுவந்த மாதிரி. கை மேடையின் விளிம்பில் தொங்கியது. மறுபடி அடித்தேன். முதல் அடி கோபத்தில் விழுந்தது, இரண்டாவது யோசித்துப் போட்டது. எலும்பு போன சத்தம் மிக்சியையும் மீறிக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மிக்சியை நிறுத்தினேன். நிறுத்தியதும் அவனுடைய அலறல் தனியாக, சுத்தமாகக் கேட்டது. ஹாலிலிருந்து கண் டாக்டரின் குரல், "என்னப்பா, எதையாவது போட்டு உடைச்சிட்டியா?" என்றது. "ஆமாம்" என்று நான் பதில் சொன்னேன்.

எக்ஸ்ரே எடுத்ததில் உன் அக்காவுக்குப் புதிதாக உடைந்த விலா எலும்புகள் இரண்டு, எப்போதோ உடைந்து தானாகக் கூடியவை மூன்று. இடது காதுச் சவ்வில் ஓட்டை. எக்ஸ்ரே எடுத்த பெண் பழைய மூன்றையும் பென்சிலால் தொட்டுக் காட்டி, "இதுக்கெல்லாம் எங்கே காட்டினீங்க?" என்று கேட்டாள். "காட்டல, மாடிப்படியில விழுந்தேன்" என்று உன் அக்கா வாய் தவறிப் பழைய பதிலையே சொன்னாள். அந்த வீட்டுக்கு மாடிப்படியே கிடையாது. மறுநாள் என்னைத் தேடி இன்ஸ்பெக்டர் வந்தார். வயதைக் கேட்டார், எழுபத்திரண்டு என்றேன். "கோவத்துல கை பட்டுடுச்சு, அப்படித்தானேம்மா?" என்று வழியும் காட்டினார். "கை படவில்லை, சுத்தி பட்டது, இரண்டு முறை" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கண் டாக்டர் தான் எதையுமே பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் கண்ணைக் காட்டப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. மற்ற விருந்தினரும் அவரைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்கள். உன் மச்சான் கொடுத்த புகாரில், அவள் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள், தூக்கிவிடப் போனபோது வயதான மாமியார் புத்தி பேதலித்துத் தாக்கினார் என்று இருக்கிறது. என் புத்தியைச் சோதிக்க அவனுடைய வக்கீல் கேட்டால் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தயாராக இருக்கிறேன்.

இனி பானங்கள். கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவித் துருவி, அரை கிலோ சர்க்கரை, அரை லிட்டர் தண்ணீருடன் கால் மணி நேரம் மெல்லிய தீயில் வைத்து வடிகட்டினால் இஞ்சிப் பாகு. ஜின் அல்லது வெள்ளை ரம் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, பாகு ஒரு பங்கு; மூடியுள்ள பாட்டிலில் ஐஸ் கட்டிகளுடன் பதினைந்து எண்ணும்வரை முழு பலத்தோடு குலுக்கு, மரியாதையாகக் குலுக்கினால் ருசி வராது. உயரமான கோப்பையில் ஊற்றி மேலே சோடா. குடிக்காதவர்களுக்கு மதுவை விட்டுவிட்டுப் பாகைக் குறைத்துச் சோடாவைக் கூட்டு. அதற்குத் தனி ஜாடி, ஜாடி மேல் காகிதம் ஒட்டி எழுது, கலந்த பிறகு யாருக்கு எது என்று திணறாதே. இரண்டாவது இனிப்பு வேண்டுமானால் சாதாரண பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டு நன்றாக மொத்தித் தூளாக்கி, உருக்கிய வெண்ணெயில் பிசைந்து, கோப்பையின் அடியில் அழுத்து. மேலே குளிர்ந்த க்ரீமைக் கொஞ்சம் சர்க்கரையுடன் அடித்து ஊற்று. அதற்கும் மேலே கையில் கிடைக்கும் பழம். க்ரீம் குழையாமல் நிற்கத் தொடங்கியதும் அடிப்பதை நிறுத்து, அரை நிமிடம் கூடினால் வெண்ணெயாகிவிடும். ஐஸை மட்டும் மிக்சியில் போடாதே. துணியில் கட்டிச் சுத்தியால் உடை, அதுவும் விருந்தினர் கண்ணெதிரே. இது என் வேண்டுகோள், சமையல் குறிப்பு இல்லை.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. போன வருடம் விடுமுறையில் வந்து அவர்கள் வீட்டில் பதினாறு நாள் தங்கினாய். திரும்பிப் போய் எனக்கு எழுதிய கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. "மச்சான் வீட்டு மிக்சி சும்மாவே ஓடுதும்மா, ரெண்டு தடவை நாங்க கிளாசைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தோம், சத்தம் நின்னுச்சு, ஒண்ணும் வரல, மச்சான் வெறுங்கையோட வந்து கதவைச் சாத்துறாரு, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு" என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில், அக்கா அன்று சாப்பிட உட்காரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்துச் சிரித்தேன். எண்ணிக்கை பிசகியிருப்பதைக் கையில் எழுதிக் கொடுத்தும், எண்ணிப் பிழைத்த நான் சிரித்தேன். ஆகவே உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. அந்தக் கடிதத்தை, அக்காவுக்காக வாதாடும் வக்கீலம்மாளிடம் நான் இதுவரை கொடுக்கவில்லை. இன்னொரு செய்தியை உன் அக்கா போன வாரம்தான் சொன்னாள், நான் கேட்காமலே. அந்த இரண்டாவது தடவை கைக்குட்டை வாயிலிருந்து நழுவிவிட்டதாம், கத்திவிட்டாளாம். உடனே ஹாலில் யாரோ பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்களாம். உன் மச்சான் வெளியே போகக் கதவைத் திறந்து மறுபடி சாத்துவதற்குள், பாட்டுப் பெட்டியில் இருந்த அந்த யாரோவின் கையை அவள் பார்த்திருக்கிறாள். "பாவம்மா, அவனுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்காது" என்றாள். எனக்கு அந்தப் பாவம் தோன்றவில்லை. மன்னிப்பு விஷயத்தில் என் பதில் இதுதான்: கேட்க மாட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் அவரும் கேட்கச் சொல்லித்தான் கெஞ்சியிருப்பார். அவரிடமும் இதையே சொல்லியிருப்பேன்.

உன் மச்சான் சாதுவாகிவிட்டான், வலியில் துவண்டு கிடக்கிறான் என்று எழுதியிருந்தாய். தொலைபேசியில் அழுதிருப்பான். அந்தச் சாது நேற்று முன்தினம் மாலை நான்கு மணிக்கு இங்கே வந்தான், கண் டாக்டரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. கதவைத் தட்டினான், பிறகு உதைத்தான், "உன் சாமானெல்லாம் தெருவுல கிடக்கும்டி" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நான் சங்கிலியைப் போட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தபோது, நடையிலிருந்த பூந்தொட்டியை இடது கையால் தூக்கிச் சமையலறை ஜன்னலில் எறிந்தான். கண்ணாடி முழுதும் உள்ளே கொட்டியது. உன் அக்கா அங்கேதான் நின்றிருந்தாள், உனக்கு அளவு சரிபார்ப்பதற்காகப் பிஸ்கட் மொத்திக்கொண்டு. நெற்றியில் ஒரு வெட்டு, பிஸ்கட் முழுக்கக் கண்ணாடித் தூள். நான் ஓடுவதற்குள் அவள் ஜன்னலருகே போய் நின்றுவிட்டாள். ரத்தம் புருவம் வரை இறங்கியிருந்தது, துடைக்கவில்லை. அவன் உள்ளே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் துழாவினான். அவள் பிஸ்கட் பையைத் தலைக்கு மேல் ஓங்கி அந்த விரல்களின் மேல் இறக்கினாள். அவன் குரைத்துக்கொண்டு கையை இழுத்தான். "இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கு, பத்திரமா வெச்சுக்க" என்றாள். ஒன்பது வருடத்தில் அவள் அவனிடம் குரலை உயர்த்தாமல் சொன்ன முதல் மிரட்டல் அது என்று நினைக்கிறேன், உயர்த்தியும் சொன்னதில்லை. அதற்குள் கீழ் வீட்டுத் தையல்காரி, துணி வெட்டும் பெரிய கத்தரியோடு படியேறி வந்துவிட்டாள். "டாக்டர் சார், வீட்டுல பல்லை எண்ணிட்டு வந்தீங்களா, போகும்போது கணக்கு சரியா இருக்கணுமில்ல" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண் டாக்டர் அவளைத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தார். அவர் சட்டையின் பின்பக்கம் காலரிலிருந்து இடுப்புவரை நேர்கோட்டில் பிரிந்தது. அவள் தொழில்காரி, தோலில் ஒரு கோடு கூட விழவில்லை. போலீஸ் வந்தபோது உன் மச்சான் கடைசிப் படியில் உட்கார்ந்து என்னை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைப் பெறவில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் தெளிவுபடுத்தினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்த கையோடு, அவள் வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள். வக்கீலம்மாள் மூன்று வாரமாகக் கேட்டும் எழுதாதவள். நேற்று மதியம் முடித்து என்னிடம் படிக்கக் கொடுத்தாள். எட்டுப் பக்கம். தேதிகள், இடங்கள், எந்தக் கை, எத்தனை முறை. நான் சொல்லிக்கொடுத்த மாணவிகளில் யாரும் இவ்வளவு ஒழுங்காக ஓர் அட்டவணை போட்டதில்லை. ஒவ்வொரு தேதிக்கும் கீழே அன்று ஹாலில் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதியிருக்கிறாள். ஐந்தாம் பக்கத்தில், போன வருடம் நீ வந்திருந்த மாதத்தில், இரண்டு தேதிகளிலும் உன் பெயர் முதலில் இருக்கிறது. உறவு, சொந்தத் தம்பி. அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாமே என்று நானே சொன்னேன், உனக்காகப் பேசியதாக வைத்துக்கொள். "கேட்டுட்டுத்தான் எழுதணும்னா நான் எதையுமே எழுத முடியாதும்மா. அவன் அங்க இருந்தான். நான் இருந்தான்னு மட்டும்தான் எழுதியிருக்கேன், மத்ததை அவனே சொல்லட்டும்" என்றாள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிய கை யாருடையது என்பதை அவள் எழுதவில்லை. தேடிப் பார்த்தேன். எட்டுப் பக்கத்திலும் இல்லை.

இன்று காலை பத்தரை மணிக்கு வக்கீலம்மாள் அதைத் தாக்கல் செய்துவிட்டார். இந்தக் கடிதம் போய்ச் சேரும் வாரத்திலேயே உனக்குச் சம்மன் வரும். வந்து சொல்லலாம், அங்கிருந்தே அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம் என்கிறார். உன்னிடம் கேட்கப்போவது மூன்றுதான்: அந்த நாட்களில் அந்த வீட்டில் இருந்தாயா, மிக்சி ஓடியதா, அதற்கு நடுவே வேறு ஏதாவது கேட்டதா. முதல் கேள்விக்கு உன் விமான டிக்கெட் பதில் சொல்லிவிடும், இரண்டாவதற்கு உன் கடிதம் சொல்லிவிடும். மூன்றாவதற்கு உன்னைத் தவிர ஆளில்லை.

நீயும் உன் மனைவியும் நோயின்றி, ஒருவர் காலடிச் சத்தத்துக்கு மற்றவர் நடுங்காமல், நரைத்த பிறகும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும். வீடு பார்க்க வருகிறவர்கள் வயிறு நிறையப் போகட்டும். உன் பதிலை எனக்கு எழுத வேண்டாம். வக்கீலம்மாளின் முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இருபதாம் தேதிக்குள் அவரிடம் சேர வேண்டும்.

உன் அக்காவையும் உன்னையும் பெற்ற,
அம்மா